மத்தி மரத்து முட்டை

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஐந்து முறை பட்டுப்புழு வளர்த்தோம். நூறு முட்டைத் தொகுதி வாங்கினால் ஏறத்தாழ 40,000 புழு. அத்தனையும் கூடு கட்டும். அத்தனை கூட்டுக்குள்ளும் ஒரு பூச்சி வெளியே வரக் காத்திருக்கும். ஒன்றைக்கூட நாங்கள் வரவிட்டதில்லை.

அது 1980களின் ஜவளகிரி. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் பிறந்தது; அப்போது நாங்கள் தருமபுரி மாவட்டம். தளியைத் தாண்டிக் காட்டோரம் ராகிக் கொல்லையும் அவரைக் கொல்லையும் இருந்த நிலத்தில், அப்பா ஒன்றரை ஏக்கரை மல்பெரிக்கு மாற்றியிருந்தார். வீட்டின் பெரிய அறை புழுக்களுக்கு, திண்ணையும் சமையலறையும் எங்களுக்கு. புழு இருக்கும் வீட்டில் ஊதுவத்தி கூடாது, கொசுவத்தி கூடாது. கால் கழுவாமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. இருபத்தைந்து நாளில் நான்கு முறை தோலுரித்து, கடைசியில் புழு பழுக்கும். பழுத்த புழுவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உடம்பு கண்ணாடிபோல மினுங்கும். அதைப் பொறுக்கி மூங்கில் சந்திரிகையில் விடுவது அம்மாவின் வேலை, என் வேலை, அக்காவின் வேலை. மறுநாள் பார்த்தால் சந்திரிகை முழுக்க மஞ்சள் கூடு.

ஐந்தாறு நாளில் கூட்டைப் பறித்துச் சாக்கில் கட்டி அப்பா ராமநகரம் ஏலத்துக்குப் போய்விடுவார். தாமதித்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சி கூட்டை நனைத்து ஓட்டையிட்டு வெளியே வந்துவிடும். ஓட்டைக் கூட்டில் நூல் அறுந்துபோகும். அதற்கு விலை கிடையாது. பூச்சி பிறப்பது என்றால் எங்கள் வீட்டில் நஷ்டம் என்று பொருள்.

ஒரு தடவை சந்திரிகையைக் கழுவக் கொண்டுபோனபோது, பின்பக்க மூங்கில் இடுக்கில் விட்டுப்போன கூடு ஒன்று ஓட்டையாகக் கிடந்தது. பக்கத்திலேயே அந்தப் பூச்சி. பாலாடை நிறம், தடித்த உடம்பு, முகத்தில் சீப்புப் போன்ற இரண்டு கொம்பு. சிறகை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை.

"இது ஏன் அவ்வா பறக்க மாட்டேங்குது?"

"எத்தனை தலைமுறையா நாம இலை போட்டு வளர்க்கிறோம். பறக்கிறதே மறந்துபோச்சும்மா."

பாட்டியை அவ்வா என்போம். அவ்வா சொன்னது சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சீனத்தில் தொடங்கி மனிதன் கையிலேயே வளர்ந்த இனம் அது. அதற்குப் பறக்கத் தெரியாது, வளர்ந்த பூச்சிக்கு உண்ணவும் தெரியாது. காட்டில் விட்டால் பிழைக்காது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே அந்துப்பூச்சி இந்த மண்ணைச் சேர்ந்ததில்லை.

இந்த மண்ணின் பூச்சிகளுக்கு நாங்கள் வைத்திருந்தது தீ.

கோடை மழை ஒன்று அழுத்திப் பெய்தால், மண்ணுக்குள் மாதக்கணக்கில் கூட்டுப்புழுவாகக் கிடந்த கம்பளிப்பூச்சிகள் ஒரே இரவில் சிறகோடு கிளம்பும். வெள்ளைச் சிறகில் பழுப்புக் கோடுகள், முன்விளிம்பில் மஞ்சள் பட்டை. தாய் அந்து என்று வேளாண்மை அலுவலர் சொல்வார். அது இட்ட முட்டையிலிருந்து வரும் சிவப்புக் கம்பளிப்புழு நிலக்கடலைக் கொல்லையை மொட்டையடித்துவிட்டு அடுத்த கொல்லைக்குப் படையாக நடந்து போகும். அதனால் மழை பெய்த மறுநாள் சாயங்காலமே ஊரில் எல்லாரும் வரப்பில் காய்ந்த முள்ளையும் தழையையும் குவித்துக் கொளுத்துவார்கள். அப்பா அரிக்கேன் விளக்கை முக்காலியில் வைத்து, அடியில் வாய் அகன்ற சட்டியில் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுவார். காலையில் சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது எங்களுக்குத் திருவிழா. கைகையாக அள்ளி எண்ணுவோம்.

இப்போது யோசித்தால் அந்தச் சட்டிதான் கண்முன் நிற்கிறது. நிலக்கடலைக்கு எதிரி ஒரே ஒரு பூச்சி. சட்டியில் மிதந்ததோ ஐம்பது வகை: இலைப்பச்சை, ஆரஞ்சு, சுண்ணாம்பு வெள்ளை, மரப்பட்டை நிறம், வெள்ளிப் பொட்டு வைத்தது, நகக்கண் அளவு, உள்ளங்கை அளவு. ஐம்பதையும் விட்டில் என்ற ஒரே சொல்லால் அழைத்துக் குப்பைக்குழியில் கொட்டினோம். கம்பளிப்புழுவிடமிருந்து கடலையைக் காப்பாற்ற அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மற்ற நாற்பத்தொன்பதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லாமல் இல்லை. இருக்கும் சொற்களில் பாசம்தான் இல்லை. அந்து என்றால் குதிரில் தானியத்தை அரிப்பது. (ராகிக்கு அந்தப் பயம் குறைவு, எங்கள் பக்கம் ராகியைக் குழியில் கொட்டி மூடி வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள்.) விட்டில் என்றால் விளக்கில் விழுந்து சாவது, ஆசையால் கெட்டழிகிறவனுக்கு உவமை. அதே சொல் சில ஊர்களில் வெட்டுக்கிளியையும் குறிக்கும். கன்னடம் பேசும் வீடுகளில் பதங்க என்பார்கள், அங்கும் அதே விளக்கு, அதே சாவு. பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளில் தமிழ் மறவனை 2019இல் தமிழக அரசு மாநிலச் சின்னமாக்கியது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி ஏறத்தாழ 1,300 இனம் என்றால் அந்துப்பூச்சி 10,000க்கும் மேல். இரவில் வருகிற காரணத்தாலேயே இத்தனை பேர் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

சின்ன வயதில் இரண்டு பூச்சிகள் மட்டும் தனியாக என் மனதில் பதிந்தன.

முதலாவது, அவரைக் கொல்லை பூத்திருந்த ஒரு ராத்திரி சமையலறைக்குள் வந்து விழுந்தது. கட்டைவிரலை விடத் தடித்த உடம்பு, வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாக வரிகள், முதுகில் மண்டையோடு போல ஒரு முகம். நான் விளக்குமாற்றால் தொட்டதும் அது கத்தியது. எலிக்குஞ்சு கிறீச்சிடுவது போன்ற சத்தம். பூச்சி கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அக்கா அழுதேவிட்டாள். அவ்வா ஓடி வந்து என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கினாள். "யாரோ நம்ம வீட்டுப் பெரியவங்க பார்க்க வந்திருக்காங்க. அடிக்காதே" என்று சொல்லிவிட்டு விளக்கின் திரியை இறக்கினாள். இருட்டில் கொஞ்ச நேரம் சிறகு சுவரில் உரசியது. பிறகு சத்தமில்லை. போய்விட்டது.

இரண்டாவது நான் செய்த பாவம். மாடு மேய்க்கும் பிள்ளைகள் கருமருதின் கிளையிலிருந்து ஒன்றைப் பறித்து வருவார்கள். எங்கள் பக்கம் அதை மத்தி மரம் என்போம். சாம்பல் நிறம், கோழி முட்டையை விடச் சிறிது, விரலால் அழுத்தினால் கட்டையாக இருக்கும். ஒரு முனையில் மெல்லிய காம்பு. காம்பின் நுனி மோதிரம்போல் வளைந்து கிளையை இறுகப் பிடித்திருக்கும். காற்றடித்தாலும் விழாது, இலையெல்லாம் உதிர்ந்த கோடையிலும் அது மட்டும் தொங்கும். பிள்ளைகள் அதை மத்தி மரத்து முட்டை என்பார்கள். எந்தக் குருவி இந்த முட்டையைத் தொங்கவிட்டு இட்டது என்று எனக்குத் தீராத சந்தேகம். ஒரு நாள் அரிவாள்மணையில் வைத்து அறுத்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கூட்டுப்புழு, வயிற்றை இரண்டு முறை சுழற்றியது. பட்டு வளர்க்கும் வீட்டுப் பெண் நான். அது கூடு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கூடு மெத்தென்று மஞ்சளாக இருக்கும். இந்தக் கட்டையான சாம்பல் உருண்டையைக் கூடு என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

இனி இப்போதைய கதை.

ஓசூரில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பினேன். மல்பெரி இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கூடு போய் வெண்பட்டு வந்துவிட்டது. புழுவுக்குத் தனிக் கொட்டகை கட்டி, இலையைப் பறிக்காமல் தண்டோடு வெட்டிப் போடுகிறார்கள். எங்கள் நிலத்தில் இப்போது கொத்தமல்லியும் கோஸும். அக்கா மகன் வேளாண் கல்லூரியில் படிக்கிறான். போன வருஷம் விடுமுறைக்கு வந்தவன் என்னிடம் கேட்டது, "சித்தி, தாத்தாவோட பழைய வேட்டி ஏதாவது இருக்கா? நல்லா வெள்ளையா இருக்கணும்."

மாடியில் துணி காயப்போடும் கொடியில் அப்பாவின் நாலுமுழ வேட்டியைக் கட்டினான். முன்னால் ஒரு புற ஊதா விளக்கு. சட்டி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. வரும் பூச்சி வேட்டியில் உட்காரும், படம் எடுத்துக்கொள்வோம், கடைசியில் விளக்கை அணைத்தால் அதது பறந்துபோகும். பூச்சியைக் கொல்ல அப்பா எந்த வீட்டின் முன் விளக்கு ஏற்றினாரோ, அதே வீட்டு மாடியில், அவர் வேட்டியிலேயே, பெயர் கேட்பதற்கு விளக்கு ஏற்றினோம்.

பெயர் கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் நிறத்தைப் பார்க்கக் கூடாதாம். உட்காரும் விதத்தைப் பார்க்க வேண்டும். சிறகை விரித்துத் துணியோடு துணியாகத் தட்டையாக ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் காவடிப்புழுவின் குடும்பம். கூரை போல மடித்துக்கொள்வது ஒரு கூட்டம். சிறகைப் பின்னால் சாய்த்து விமானம்போல உட்கார்ந்தால் பருந்து அந்துப்பூச்சி. அடுத்தது கொம்பு: நூலா, சீப்பா, இறகா? பிறகு பின்சிறகு, அதைப் பெரும்பாலும் மூடித்தான் வைத்திருக்கும். பொறுமையாகக் காத்திருந்தால் நகரும்போது ஒரு கணம் தெரியும். ஒன்று காய்ந்த இலை மாதிரியே வந்து உட்கார்ந்தது. அக்கா மகன் ஒரு புல் நுனியால் மெல்லத் தொட்டான். முன்சிறகு விலகியது, உள்ளே கொன்றைப்பூ மஞ்சளில் பின்சிறகு, நடுவில் மைப்பொட்டு. யூடோசிமா மேடெர்னா என்றான். பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் பூச்சி. "புழுவா இருக்கும்போது எதைத் தின்னும்?" என்று கேட்டேன். சீந்தில் என்றான். சீந்தில் கொடி எங்கள் வேலி முழுக்கக் கிடக்கிறது.

அங்கேதான் எனக்கு ஓர் உற்சாகம் பிடித்தது. அவன் சொன்ன லத்தீன் பெயர் எதுவும் எனக்குத் தங்கவில்லை, செடி தங்கியது. ஆரஞ்சுச் சிறகில் வளையமிட்ட கறுப்புப் புள்ளிகள் உள்ள ஆர்ஜினாவுக்குக் கிலுகிலுப்பை. ஆசோட்டாவுக்கு அத்தியும் ஆலும். பாசி பிடித்த பாறை போலப் பச்சையும் இளஞ்சிவப்புமாக அலையடிக்கும் டாஃப்னிஸ் நேரிக்கு அரளியும் நந்தியாவட்டையும். எனக்குத் தெரிந்த செடிகளின் பெயர் வழியாகவே நூறு வீட்டு விலாசம் கிடைத்துவிட்டது. நோட்டில் அவன் லத்தீன் எழுதுவான், பக்கத்தில் நான் செடி எழுதுவேன்.

இந்த நோட்டுக்கு ஒரு மூதாதை உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்சன், இங்கிலாந்து திரும்பிய பின் 1892 முதல் 1896 வரை 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினம்' வரிசையில் அந்துப்பூச்சிகளுக்கு மட்டும் நான்கு தொகுதிகள் எழுதினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். பருந்து அந்துப்பூச்சிகளுக்கு 1937இல் பெல், ஸ்காட் இருவரும் தனித் தொகுதி கொண்டுவந்தார்கள். அதில் புழுவும் அது தின்னும் செடியும் விரிவாக உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தியாவில் அந்து பார்ப்பவர்கள் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அப்படியும் வேட்டியில் உட்கார்ந்த பாதிப் பூச்சிக்கு நாங்கள் பெயர் சொல்ல முடியவில்லை. சிறு பழுப்புப் பூச்சிகள் பலவற்றை இனவுறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும் என்றான். அவற்றைக் குடும்பத்தோடு நிறுத்தி எழுதினோம். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது என்பதில் பையன் கண்டிப்பு. அது எனக்குப் பிடித்திருந்தது.

மண்டையோட்டுப் பூச்சியின் வழக்கும் தீர்ந்தது. ஆவணி மழைக்குப் பிறகு ஒன்று வந்தது. பார்த்ததும் எனக்கு அந்தச் சமையலறை நினைவு. அகெரோன்ஷியாவில் நம் பக்கம் இரண்டு இனம், ஸ்டிக்ஸ், லாகெசிஸ். பின்சிறகைக் காட்டினால்தான் வித்தியாசம் தெரியும்: அடிப்பகுதி கறுத்திருந்தால் லாகெசிஸ், மஞ்சளாக இருந்தால் ஸ்டிக்ஸ். எங்களுடையது மஞ்சள். ஸ்டிக்ஸின் புழு எள்ளும் அவரையும் தின்னும். அன்றைக்கு அவரைக் கொல்லையிலிருந்து வந்த எங்கள் வீட்டுப் பெரியவரும் இவராகத்தான் இருக்க வேண்டும். தேன் குடிக்கத் தேன்கூட்டுக்குள்ளேயே நுழைகிற பூச்சி. உறிஞ்சு குழல் வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளித்தான் அந்தச் சத்தம் எழுப்புகிறது. இதைக் கேட்க அவ்வா இல்லை.

விட்டிலின் ஆசைக் கதையும் பொய் என்று ஆகிவிட்டது. 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வில், அதிவேகக் கேமரா வைத்து விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் படம்பிடித்திருக்கிறார்கள். பூச்சி விளக்கை நோக்கிப் பறக்கவில்லை. முதுகை விளக்கின் பக்கம் திருப்புகிறது. இரவில் மேலே இருக்கும் வெளிச்சம் வானம் என்பது அதன் கணக்கு. வானத்துக்கு முதுகைக் காட்டினால் நிமிர்ந்து பறக்கலாம். பக்கவாட்டில் விளக்கு நின்றால் அந்தக் கணக்கு குழம்பி, சாய்ந்து சாய்ந்து சுற்றி, சிக்கிக்கொள்கிறது. சோதித்தவற்றில் அப்படிச் சிக்காமல் பறந்த ஓரிரண்டில் நம் அரளிப் பூச்சி டாஃப்னிஸ் நேரியும் ஒன்று. விட்டில் ஆசையில் வந்து விழவில்லை, வழி தவறி வருகிறது. இது தெரிந்த பிறகு விளக்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் அணைக்க முடியாத விளக்குகள்தான் இப்போது அதிகம். அப்பா காலத்தில் ஊரில் தீயும் அரிக்கேனும் மழைக்கு மறுநாள் மட்டும். இன்று தெருமுனை வரை வெள்ளை எல்இடி, விடிய விடிய. வடகிழக்கே ஓசூர் பக்கத்து வானம் அமாவாசையிலும் வெளுத்துக் கிடக்கிறது. பிரிட்டனில் 1968 முதல் விளக்குப் பொறிகளில் பெரிய அந்துப்பூச்சிகளை எண்ணிவருகிறார்கள்; ஐம்பது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக 2021 அறிக்கை சொன்னது. எங்கள் ஊரில் எண்ணியது அப்பாவின் சட்டி ஒன்றுதான். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. அன்று கைகையாக அள்ளினேன். இன்று நல்ல இரவில் அறுபது எழுபது உட்கார்ந்தால் அக்கா மகன் துள்ளுகிறான். விளக்கு வேறு, வருஷம் வேறு, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று அவனே சொல்கிறான். ஒப்பிடாமல் என்னால் இருக்க முடியவில்லை.

காடு இன்னும் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். 2014இல் காவிரி வடக்குச் சரணாலயம், 2022இல் காவிரி தெற்கு. அக்டோபர் தாண்டினால் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக ராகிக்கு இறங்கும். அப்போது ராத்திரி மாடி விளக்கும் கூடாது, வெளியே தலைகாட்டவும் கூடாது. எங்கள் நோட்டு கார்த்திகையில் மூடிவிடும். யானையிடமிருந்து கிடைக்கிற இந்த விடுப்பு பூச்சிகளுக்கும் நல்லது.

புரட்டாசியில் கடைசியாக ஒரு நாள் உட்கார்ந்தோம். தூறல் விட்டு, காற்று அசையாத இரவு. ஒன்றே முக்கால் மணிக்கு வௌவால் என்று நினைத்தேன். வேட்டியில் வந்து இறங்கியபோது ஒரு சாண் அகலம். மஞ்சள் காவி நிறம். நான்கு சிறகிலும் ஒவ்வொரு வட்டம். வட்டத்தின் நடுவில் செதிலே இல்லை, வெறும் கண்ணாடி. அதன் வழியாக வேட்டியின் நெசவு தெரிந்தது.

"சித்தி, இது ஆந்தீரியா. காட்டுப் பட்டு. கொம்பு மெல்லிசா இருக்கு பாருங்க, பொண்ணு. ஆணுக்கு இறகு மாதிரி அகலமா இருக்கும்."

இதற்கு மைலிட்டா, பாஃபியா என்று இரண்டு பெயர் நெடுநாளாக வழக்காடிக்கொண்டிருக்கிறதாம். எது சரி என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்டது ஒன்றுதான். "இதோட கூடு எப்படிடா இருக்கும்?"

செல்பேசியில் படம் காட்டினான். சாம்பல் நிறம், காம்பு, காம்பின் நுனியில் மோதிரம்.

நோட்டை வாங்கி, செடி எழுதும் இடத்தில் மத்தி என்றும், பெயர் எழுதும் இடத்தில் அவன் லத்தீனுக்கு மேலே மத்தி மரத்து முட்டை என்றும் எழுதினேன். இன்னும் நாலு படம் எடுக்கட்டுமா என்றான். வேண்டாம் என்று விளக்கை அணைத்தேன். சிறகு துணியில் உரசியது. ரொம்ப நேரம் உரசியது.

விடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது மடிப்பில் முட்டை. பதினேழு. தட்டையாக, ஒவ்வொன்றின் இடுப்பிலும் பழுப்புக் கோடு. சிறு வயதில் அட்டையில் ஒட்டிய முட்டைகளை எத்தனையோ எண்ணியவள் நான். இந்தப் பதினேழைத் தொடக் கை நடுங்கியது. அந்த இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்து, கொல்லைக் கோடியில் நிற்கும் மத்தி மரத்தின் தாழ்ந்த கிளையில், எறும்பு ஏறாத பக்கமாகப் பார்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.

பத்தாம் நாள் காலை துணியில் வெறும் ஓடுகள். மேலே ஒரு தளிரின் ஓரம் கடிபட்டிருந்தது.